மழைக்காலச் சளிக்காய்ச்சலும் வீட்டுப் பெரியவர்களும்

திருவான்மியூர்வாசிகளுக்கு மருந்தீசுவரர் கோயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அகத்தியருக்கு இறைவன் மருந்துகளின் குணங்களை உபதேசித்த தலம் என்று தல வரலாறு கூறும். உடம்புக்கு முடியாதவர்கள் இன்றும் அங்கே வந்து விபூதி வாங்கிச் செல்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், அந்தக் கோயிலை அடுத்த தெரு ஒன்றில் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். காலமானவருக்கு எழுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, பத்து வருஷமாக மாத்திரையில் இருந்தவர். மற்றபடி தினமும் காலையில் பால் வாங்கி வந்தவர்.

அவருடைய மனைவி சொன்னார்: "பெரிசா ஒண்ணுமில்லம்மா. பேரனுக்கு ஸ்கூல்லேர்ந்து சளி வந்தது, இவருக்கும் ஒட்டிக்கிச்சு. நாலு நாள் காய்ச்சல், உடம்பு வலி. அப்புறம் விட்டுப் போச்சு. சரியாயிட்டாருன்னு நினைச்சோம். எட்டாம் நாள் ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. அது பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாரடைப்புக்கு முன்னால் நின்ற நாலு நாள் காய்ச்சலைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இந்தத் துண்டுப் பிரசுரம் அந்த நாலு நாளைப் பற்றியது.

சளி வேறு, புளூ வேறு

நாம் எல்லாவற்றையும் "சளி பிடிச்சிருக்கு" என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். மூக்கு ஒழுகி, தும்மி, இரண்டு நாளில் போகிற சாதாரண ஜலதோஷம் ஒரு வகை. இன்புளூயன்சா அல்லது புளூ என்பது வேறு வகை. அது திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் போர்த்திப் படுத்துக்கொள்வார். காய்ச்சல், தலைவலி, அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி, வறட்டு இருமல், எழுந்திருக்க முடியாத அசதி ஆகியவை இதன் அடையாளங்கள். காரணம் ஒரு வைரஸ் கிருமி. 1933ஆம் ஆண்டு லண்டனில் விஞ்ஞானிகள் அதை மனிதரிடமிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். மனிதரை வாட்டுபவை ஏ, பி என்ற இரண்டு பெரும் பிரிவுகள்.

இளவயதுக்காரர் ஒரு வாரத்தில் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார். எழுபது வயதுக்காரருக்கு அப்படியில்லை. வயதாக ஆக எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. கிருமி மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கிவிட்டுப் போன பிறகு, அந்தப் புண்ணின் வழியே நியூமோகாக்கஸ் போன்ற வேறு கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. இதுவே நிமோனியா. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் ஆனபின் மறுபடியும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் பெரும்பாலும் இதுதான் கதை. 1918ஆம் ஆண்டின் பெரும் இன்புளூயன்சாவில் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இப்படிப் பின்னால் வந்த நிமோனியாவே என்று, பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் மாதிரிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

இன்னொரு வழி இருதயத்தின் வழி. உடம்பு முழுவதும் அழற்சி ஏறும்போது ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ள குழாய் அப்போது மூடிக்கொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பரிசோதனையில் புளூ என்று உறுதியானவர்களுக்கு முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே ஆட்களுக்கு மற்ற நாட்களில் இருந்ததைப் போலச் சுமார் ஆறு மடங்கு இருந்தது. நான் துக்கம் விசாரிக்கப் போன வீட்டை இந்த ஆய்வோடு சேர்த்துப் பாருங்கள். இது தவிர சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும். ஈளை, இழுப்பு உள்ளவர்களுக்கு இழுப்பு முற்றும். கடைசியில் சான்றிதழில் ஏறுவது இவற்றில் ஏதாவது ஒன்றின் பெயர்தான்.

கணக்கில் வராத சாவு

ஆகவே புளூவால் எத்தனை முதியவர்கள் இறக்கிறார்கள் என்று சான்றிதழ்களைப் புரட்டி எண்ண முடியாது. தொண்டையில் பஞ்சு விட்டுப் பரிசோதனை செய்தால்தான் கிருமி தெரியும். அதை யார் செய்கிறார்கள்? நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு பதிவான இறப்புகளில் மருத்துவரின் காரணச் சான்று உள்ளவை சுமார் 22.5 சதவீதம் மட்டுமே. வேறு வழியாகத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. வழக்கமாக ஒரு மாதத்தில் இத்தனை பேர் இறப்பார்கள், புளூ பரவிய மாதத்தில் அதைவிட இத்தனை பேர் அதிகம், அந்த அதிகப்படிதான் புளூவின் பங்கு என்று பார்ப்பார்கள். 1847ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் பார் என்பவர் கையாண்ட முறை இது. கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் செய்தித்தாளில் படித்ததும் இதே முறையைத்தான். இப்படிக் கணக்கிட்டு, உலகில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை புளூவையொட்டிய சுவாச நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயதானவர்கள்தான் இதில் அதிகமாகப் பலியாகிறவர்கள். இருதயச் சாவுகள் இந்த எண்ணிக்கையில் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சென்னைக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. 1957ஆம் ஆண்டு "ஆசிய புளூ" உலகைச் சுற்றியபோது, மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலில் ஏறி நம்முடைய துறைமுகத்தில்தான் அது இந்தியாவுக்குள் இறங்கியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்புளூயன்சா மையம் அந்தக் கிருமியை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் நாடெங்கும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றதாகப் பதிவாயிற்று. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்று எழுபதுக்கு மேல் வயது. "வகுப்புல பாதிப் பேர் வரலம்மா" என்று சொல்லும் ஒரு பெரியவரை நானே வால்மீகி நகரில் பார்த்திருக்கிறேன். பிறகு 2009இல் "பன்றிக் காய்ச்சல்" வந்தது. அப்போது மாதிரிகளைப் பரிசோதித்த இடங்களில் ஒன்று, 1899இல் தொடங்கப்பட்ட நம் கிண்டி கிங் நிலையம். அந்தக் கிருமி எங்கும் போய்விடவில்லை. இன்று வருஷாவருஷம் வரும் சாதாரண புளூக்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

நம் ஊர்ப் பருவம் ஐப்பசி, கார்த்திகை

குளிர்காலத்தில் வரும் நோய் என்று ஆங்கிலப் புத்தகங்களில் படித்துவிட்டு, ஜனவரி மாதத்தில் "புளூ ஊசி போடலாமா?" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. காஷ்மீரில் ஸ்ரீநகருக்கு அந்தக் கணக்கு சரி. டெல்லி, புனே, கொல்கத்தா நகரங்களில் தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து இது உச்சத்துக்குப் போகிறது. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது நம் அடைமழைக் காலத்தில். இது நாட்டின் பல நகரங்களில் ஆண்டுக்கணக்கில் மாதிரிகளைச் சேகரித்துக் கண்ட உண்மை. மழையில் நனைவதால் புளூ வருவதில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் எல்லாரும் முடங்கியிருக்கிறோம், ஒருவர் இருமியது மற்றவருக்குப் போகிறது. நவராத்திரிக் கொலு, தீபாவளிக் கூட்டம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகை என்று எல்லாமே அந்த இரண்டு மாதத்தை ஒட்டித்தான் வருகின்றன.

ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். வந்த சக்தி மாதங்கள் செல்லச் செல்லக் குறையும், வயதானவர்களுக்குச் சற்று விரைவாகவே குறையும். எனவே நம் ஊரில் ஊசிக்கு ஏற்ற காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும், அதாவது செப்டம்பர், தாமதித்தால் அக்டோபர் தொடக்கம். தவறிவிட்டால் நவம்பரில் போட்டாலும் வீண் என்று சொல்லமாட்டேன், மழை டிசம்பர் வரை இருக்கிறதே.

ஒரு தடவை போட்டால் போதாது, வருஷத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். கிருமி சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால் மருந்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த பருவத்துக்கு எந்தெந்தக் கிருமிகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அறிவிக்கிறது. போட்டுக்கொள்ளும்போது, "இருக்கறதிலேயே புதுசா வந்த மருந்தா?" என்று கேட்பதில் தவறில்லை. காலாவதித் தேதியையும் பாருங்கள்.

ஊசி எவ்வளவு காக்கும்?

இந்த இடத்தில் உண்மையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புளூ ஊசி முதியோர் சாவைப் பாதியாகக் குறைக்கும் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. பயிற்சி வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிற்பாடு அது மிகை என்று தெரியவந்தது. அமெரிக்காவில் 1980க்கு முன் முதியோரில் சுமார் 15 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், 2001இல் 65 சதவீதம் ஆனது. ஆனால் அந்த அளவுக்கு முதியோர் சாவு குறையக் காணோம் என்று 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. எப்படி?

நம் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரை மணிக்கு வேகமாக நடக்கிறாரே பெரியவர், அவர் ஊசியைப் பற்றிப் படிப்பார், டாக்டரிடம் நடந்தே போய்ப் போட்டுக்கொண்டு வருவார். படுத்த படுக்கையாக இருப்பவரை யார் கூட்டிப் போவது? வருஷ முடிவில் இரண்டு தரப்பையும் எண்ணினால், போட்டுக்கொண்டவர்களில் சாவு குறைவாகத்தான் இருக்கும். அதில் ஊசியின் பங்கு எவ்வளவு, நடைபோட்ட கால்களின் பங்கு எவ்வளவு? அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 2006இல் இதைச் சோதித்தார்கள். புளூ பரவத் தொடங்குவதற்கு முன்பே, ஊசி எதையும் தடுத்திருக்க முடியாத மாதங்களிலேயே, போட்டுக்கொண்டவர்கள் குறைவாக இறந்திருந்தார்கள்!

சரி, சீட்டுக் குலுக்கினாற்போல் ஆட்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஊசியும் மறு பாதிக்கு வெறும் ஊசியும் போட்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அவற்றைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட காக்ரேன் ஆய்வின்படி, ஊசி போடாத ஆயிரம் முதியவர்களில் 60 பேருக்கு ஒரு பருவத்தில் புளூ வருகிறது. போட்டவர்களில் 24 பேருக்கு வருகிறது. முப்பது பேருக்குப் போட்டால் ஒருவர் தப்புகிறார் என்று கொள்ளலாம். சில வருஷம் கிருமி பொருந்திப் போகும், சில வருஷம் பொருந்தாது. சாவைப் பற்றித் தீர்மானமாகச் சொல்ல அந்த ஆய்வுகளில் இருந்தவர்களின் எண்ணிக்கை போதவில்லை.

இருதய நோயாளிகளைப் பற்றி இன்னும் தெளிவான செய்தி உண்டு. மாரடைப்பு வந்து சிகிச்சை பெற்றவர்கள் பெரும்பாலோராக அமைந்த 2,500க்கும் மேற்பட்டவர்களிடம், வங்காளதேசம் உட்பட எட்டு நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு அது. ஓராண்டுக்குள் இறப்பு, மறு மாரடைப்பு முதலியவை வெறும் ஊசி போட்டவர்களில் 7.2 சதவீதம், புளூ ஊசி போட்டவர்களில் 5.3 சதவீதம். இருதயம் பலவீனமானவர்களிடம் இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வில் (2022) இருதயச் சாவில் தீர்மானமான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நிமோனியா 4 சதவீதத்திலிருந்து 2.4 ஆகக் குறைந்தது.

ஆகவே இந்த ஊசி ஒரு தாயத்து அல்ல. போட்டுக்கொண்டவருக்கும் புளூ வரலாம். போட்டால் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறையும் என்பதே அந்தத் தொகுப்பு காட்டும் கணக்கு. அதுவும் சர்க்கரை, இருதயம், ஈளை, சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவருக்கு அந்தக் குறைவின் மதிப்பு அதிகம். நான் போட்டுக்கொள்கிறேன், எண்பத்து மூன்று வயதான என் தாயாருக்கும் வருஷாவருஷம் போடுகிறேன்.

கூட்டங்களில் கேட்கும் கேள்விகள்

"இது முட்டையில வளர்க்கற மருந்தாமே?" என்று அக்கிரகாரத்துப் பாட்டிமார் என்னைத் தனியாக அழைத்துக் கேட்பார்கள். மறைக்க ஒன்றுமில்லை. பெரும்பாலான புளூ மருந்துகள் கோழி முட்டைக்குள் கிருமியை வளர்த்து, கொன்று, சுத்தம் செய்து தயாரிக்கப்படுபவையே. முட்டைப் புரதம் இம்மியளவு இருக்கலாம். ஆசாரக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. ஒரு பாட்டி ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு, "மருந்துக்கு தோஷமில்லைன்னுதான் பெரியவா சொல்லியிருக்கா" என்று கையை நீட்டினார். இன்னொருவர் மறுத்துவிட்டார். இருவருக்கும் என் வணக்கம்.

குப்பத்தில் கேள்வி வேறு மாதிரி: "ஊசி போட்டா அதுவே காய்ச்சல் கொண்டாருமாமே, மேடம்?" ஊசியில் உள்ளது செத்த கிருமியின் துண்டுகள். அதனால் புளூ வர முடியாது. கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு கணகணக்கும், அவ்வளவே. முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. ஊசிக்குப்பின் கைகால் விழுந்துபோகும் நரம்பு நோய் கண்டவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடலாம்.

செலவுக் கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமான தேசியத் தடுப்பூசித் திட்டத்தைப்போல் முதியோருக்கு இந்த ஊசியை இலவசமாகத் தரும் ஏற்பாடு நாடு முழுவதற்கும் அமையவில்லை. பெரும்பாலோர் தனியாரிடம் காசு கொடுத்தே போட்டுக்கொள்கிறார்கள், விலை கையைக் கடிக்கும். மீன் விற்கும் ஓர் அம்மாளிடம், "இது நாலு நாள் வருமானம்" என்று கேட்டபின் நான் வற்புறுத்துவதை நிறுத்திக்கொண்டேன். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் முடியுமென்றால், இருதயமோ ஈளையோ உள்ளவருக்குப் போடுங்கள். நிமோனியாவுக்கென்று நியூமோகாக்கஸ் ஊசி தனியே உண்டு. அதையும் அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பேரக் குழந்தைகள்

வீட்டுக்குப் புளூவைக் கொண்டு வருபவர்களில் முதலாமவர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைதான். ஜப்பான் நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் புளூ ஊசி போட்டு வந்தார்கள். 1987இல் கட்டாயம் தளர்ந்தது, 1994இல் திட்டமே நின்றது. போட்ட ஆண்டுகளில் முதியோர் சாவு குறைந்திருந்ததையும், நின்றபின் ஏறியதையும் 2001இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிள்ளைக்குப் போட்ட ஊசி பாட்டியைக் காத்திருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

பேரனுக்குக் காய்ச்சல் என்றால் அவனைப் பாட்டியின் மடியிலிருந்து நாலைந்து நாள் தள்ளி வைக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். எந்தப் பாட்டி கேட்பார்? முடிந்தவரை படுக்கையைப் பிரியுங்கள். மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்து விடுங்கள். இருமுகிறவர் முழங்கை மடிப்பில் இருமட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். கொரோனா நாளில் வாங்கிய முகக்கவசம் மிச்சமிருந்தால் இருவரும் கட்டிக்கொள்ளட்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால்

சுக்கு மிளகுக் கஷாயம் தொண்டைக்கு இதம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பெரியவருக்குக் காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். புளூவுக்கென்று ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும். மருந்துக் கடையில் "ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை கொடுங்க" என்று வாங்கும் ஆண்டிபயாடிக் வைரஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை "வாய்க்குப் பிடிக்கலை" என்று நிறுத்தவும் கூடாது. அவற்றை மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் பணியாளரிடம் காய்ச்சல் விஷயத்தையும் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே ஏறாது. சாப்பாட்டை ஒதுக்குவார், பகலெல்லாம் தூங்குவார், பேச்சு குழறும், பழகிய கழிப்பறைக்குப் போகும் வழியில் தடுமாறி விழுவார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, தம்பதியாகவோ தனியாகவோ வாழ்பவர்கள் நம் பகுதியில் அநேகம். போனில் குரலைக் கேட்டால் சோர்வு தெரியும், மூச்சு வாங்குவது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தினம் ஒரு தடவை நேரில் பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அலமாரியில் தூங்கும் ஆக்சிமீட்டரை எடுத்து, பாட்டரி மாற்றி வையுங்கள். ஈளை உள்ளவர்களுக்கு வழக்கமான எண்ணே சற்றுக் குறைவாக இருக்கும். ஆகையால் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்து நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது. மற்றவர்களுக்கு 94க்குக் கீழே போனாலும், உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 25 தடவைக்கு மேல் மூச்சு இழுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், நெஞ்சு வலித்தாலும், நினைவு தடுமாறினாலும், விட்ட காய்ச்சல் திரும்பி வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வருவதற்குள் அவரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வையுங்கள். தினம் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, வீட்டில் முதலில் யாருக்கு வந்தது என்பதை ஆஸ்பத்திரியில் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.